புதுப் பெல்ட் போட்டும் தாங்கவில்லையா? ரைட்-ஆன் புல்வெட்டியில் தேய்ந்த ஸ்பிண்டிலையும் புல்லியையும் கண்டுபிடித்துச் சரிசெய்வது

கொழும்பில் ரைட்-ஆன் மெஷின் வைத்திருப்பவர்கள், பள்ளிக்கூட மைதானமோ ஹோட்டல் தோட்டமோ பெரிய வளவோ, சொல்லும் முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றுதான்: "புதுப் பெல்ட் போட்டும் ஒரு மாசம் தாங்கல்ல." உடனே இன்னொரு பெல்ட் வாங்குவார்கள், அதுவும் போனால் ஸ்பிரிங்கை மாற்றுவார்கள், அதற்கும் பிறகுதான் யாராவது டெக்கை, அதாவது பிளேடுகளை மூடியிருக்கும் அடிப்பகுதியை, கழற்றிப் பார்ப்பார்கள். அதற்குள் பேரிங் உடைந்து, ஹவுசிங் துளை பெரிதாகி, ஷாஃப்டும் தேய்ந்துபோயிருக்கும். இரண்டு பேரிங்கோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, முழு ஸ்பிண்டில் செட்டையும் வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கும் வேலையாகிவிடும், சாமான் வந்து சேரும்வரை மைதானத்துப் புல் முழங்காலளவு வளர்ந்து நிற்கும். அதனால் பெல்ட்டுக்குக் காசு கொடுக்க முன் ஸ்பிண்டிலைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது.

கீழே என்ன இருக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 42 அங்குல டெக் என்றால் வழமையாக இரண்டு பிளேட், அதைவிட நன்கு பெரியதில் மூன்று. ஒவ்வொரு பிளேடுக்கும் அதைச் சுழற்றும் ஒரு ஸ்பிண்டில். அலுமினிய ஹவுசிங்குக்குள் மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு பேரிங், இரண்டுக்கும் நடுவில் ஒரு குழாய்த்துண்டு, அதுதான் ஸ்பேசர். ஷாஃப்டின் அடியில் பிளேட், மேல்நுனியில் புல்லி. என்ஜினிலிருந்து வரும் பெல்ட் இந்தப் புல்லிகளையும், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் ஐட்லர்களையும் சுற்றி ஓடுகிறது.

எதைத் தொடுவதற்கு முன்னும் சாவியை எடுங்கள், பிளக் வயரைக் கழற்றுங்கள், பற்றரியின் நெகட்டிவ் பக்கத்தையும் கழற்றுங்கள். பிளேடைக் கையால் சுற்றும்போது பெல்ட் வழியாக என்ஜினும் சேர்ந்து சுழல வாய்ப்பிருக்கிறது, பிளக் வயர் மாட்டியிருந்தால் அது ஸ்டார்ட் ஆகவும் கூடும். முன்பக்கத்தை ஜக்கில் தூக்கிவிட்டு, வேறு தாங்கல் இல்லாமல் அடியில் கையை விடாதீர்கள். கனத்த தோல் கையுறை கட்டாயம்.

பிளேடைப் போட்டதும் கரகர என்று அரைக்கும் சத்தம், அல்லது கீச்சிடும் சத்தம்

முதலில் சத்தம் எந்தப் பக்கம் என்று பிரியுங்கள். டெக் பெல்ட்டை முழுதாகக் கழற்றி எடுத்துவிட்டு, பற்றரி வயரையும் பிளக் வயரையும் திரும்ப மாட்டி, என்ஜினை ஸ்டார்ட் செய்து பிடிஓ சுவிட்சை (பிளேடை ஓடவிடும் சுவிட்ச்) போடுங்கள். சத்தம் அப்படியே இருந்தால் கோளாறு கிளட்ச் பக்கம், டெக்கில் இல்லை. சத்தம் நின்றுவிட்டால் என்ஜினை நிறுத்தி, சாவி, பிளக் வயர் எல்லாவற்றையும் மறுபடி கழற்றிவிட்டு, டெக்கின் மேலுள்ள ஒவ்வொரு புல்லியையும் ஐட்லரையும் தனித்தனியே விரலால் சுற்றுங்கள். நல்ல பேரிங் சத்தமில்லாமல், கொஞ்சம் கிரீஸ் பிடிப்போடு சுற்றி மெதுவாக நிற்கும். கெட்டது கைக்குள் மணல் அரைபடுவதுபோல உணர்த்தும். தடையே இல்லாமல் நெடுநேரம் சுற்றிக்கொண்டிருப்பதும் நல்ல அறிகுறி இல்லை, உள்ளே கிரீஸ் காய்ந்துபோனால்தான் அப்படிச் சுற்றும்.

கீச்சிடும் சத்தம் பெரும்பாலும் ஐட்லரிலிருந்துதான். ஐட்லர்களில் பேரிங் புல்லியோடு சேர்த்து அழுத்தி மடிக்கப்பட்டிருப்பதால் அதைப் பிரித்துப் பார்த்து நேரம் வீணாக்க வேண்டாம், முழு ஐட்லரையும் மாற்றிவிடுங்கள். கரகரப்பும் உறுமலும் ஸ்பிண்டில்.

அப்புறம் ஆட்டம். பிளேடின் இரண்டு நுனியையும் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கைக்குத் தெரிகிற அளவுக்கு ஆட்டமே இருக்கக்கூடாது. "சின்ன ஆட்டம்தானே" என்று விட்டுவிடுவார்கள், ஆனால் கணக்குப் போட்டால் வேறு கதை: பேரிங்குகளுக்கு இடையே 5 செ.மீ. என்று வைத்தால், பேரிங்கில் கால் மில்லிமீட்டர் ஆட்டம் 53 செ.மீ. பிளேடின் நுனியில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போய்விடும், அதுவும் பாரம் இல்லாமல் கையால் ஆட்டும்போது. முழு வேகத்தில் ஈரப்புல்லை அடிக்கும்போது அது எவ்வளவாகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பெல்ட் கழன்று விழுகிறது, புரண்டுகொள்கிறது, ஒரு ஓரம் மட்டும் நார்நாராகப் பிய்கிறது

பெல்ட் கதை எல்லாம் இங்கேதான் வந்து முடியும். பெல்ட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மினுங்கினால் அது வழுக்கியிருக்கிறது, ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம் அல்லது புல்லியின் பள்ளம் தேய்ந்திருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் பிய்ந்திருந்தால் ஏதோ ஒரு புல்லி சாய்ந்து நிற்கிறது. கண்டுபிடிக்க நீளமான நேர் இரும்புச் சட்டம் ஒன்று போதும், இல்லாவிட்டால் இறுக்கிப் பிடித்த நூல். இரண்டு புல்லிகளின் விளிம்பில் வைத்துப் பார்த்தால் எது மேலே, எது கீழே, எது சரிவு என்று தெரிந்துவிடும். புல்லிகளின் தடிப்பு வேறாக இருந்தால் விளிம்பை விட்டுவிட்டுப் பள்ளத்தின் நடுவை ஒப்பிட வேண்டும்.

புல்லியின் உள்பக்கத்தைப் பார்க்கும்போது ஒரு விஷயத்தை மட்டும் தவறவிடாதீர்கள். வி-பெல்ட் பள்ளத்தின் இரு சுவரிலும் நெருக்கிப் பிடித்துத்தான் இழுக்கிறது, அடித்தளத்தைத் தொடவே கூடாது. பள்ளத்தின் அடி பளபளவென்று தேய்ந்திருந்தால் பெல்ட் கீழே இறங்கிவிட்டது, பிடிப்பு போய்விட்டது. அப்படிப்பட்ட புல்லியில் எவ்வளவு நல்ல பெல்ட் போட்டாலும் வழுக்கும், சூடாகும், ரப்பர் எரிந்த மணம் வரும். தகட்டால் செய்த புல்லிகளில் விளிம்பு தேய்ந்து கத்திபோலக் கூராகிவிடுவதும் உண்டு, அதை ஃபைல் பிடித்துச் சமாளிக்கலாம் என்று யாரும் சொன்னால் கேட்காதீர்கள், மாற்றுங்கள்.

கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் சாதாரண ஏ சைஸ் பெல்ட் ஒன்றை நீளம் பார்த்து வாங்கிப் போடுகிறவர்கள் நிறைய. நீளம் சரியாக இருந்தாலும் அது வேறு சாமான். டெக் பெல்ட்டுகள் அநேகமாக அராமிட் என்ற உறுதியான செயற்கை நூல் வைத்து, வெளியே துணி சுற்றிச் செய்யப்படுகின்றன, ஏனென்றால் ஐட்லர் அதன் முதுகில் அழுத்துகிறது, ஒவ்வொரு முறை பிளேடைப் போடும்போதும் ஒரு திடீர் இழுவையை அது தாங்க வேண்டியிருக்கிறது. சாதாரணப் பெல்ட் இழுபட்டு நீண்டுவிடும்.

புல்லியின் நடுவில் செந்நிறத் தூள்

நட்டைச் சுற்றியும் ஹப்பின் அடியிலும் துருப்போல மெல்லிய செந்தூள் படிந்திருந்தால், புல்லி ஷாஃப்டில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு முன்னும் பின்னும் அசைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். இரண்டு இரும்பும் உரசி உதிர்ந்த தூள் அது. புல்லியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் பிளேடைத் திருப்புங்கள். இரண்டும் ஒன்றாகத் திரும்பாமல் நடுவில் ஒரு 'டக்' கேட்டால் ஸ்ப்ளைனோ (ஷாஃப்டைச் சுற்றி வெட்டிய பற்கள்) சாவிப்பள்ளமோ (புல்லியையும் ஷாஃப்டையும் பிணைக்கும் உலோகத்துண்டு உட்காரும் பள்ளம்) தேய்ந்துவிட்டது. நட்டை இன்னும் இறுக்கினால் சத்தம் நின்றுபோகும், ஆனால் சில வெட்டுக்குள் திரும்ப வந்துவிடும்.

சாவிப்பள்ள வகை என்றால் லேத்தில் காப்பாற்றலாம். புல்லியிலும் ஷாஃப்டிலும் புதிய இடத்தில் இன்னொரு பள்ளம் வெட்டிப் புதுச் சாவி போடலாம். ஸ்ப்ளைன் தேய்ந்திருந்தால் புல்லியை மட்டும் மாற்றுவதில் பயனில்லை, தேய்ந்த பல் புதுப் பல்லையும் தின்றுவிடும். இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். புல்லியை ஷாஃப்டோடு வெல்டிங் பிடித்துவிடுவது நான் பார்த்து மிகவும் வருந்துகிற வேலை. பிறகு பேரிங்கை மாற்றவே வழியில்லாமல் போகும், வெல்டிங் சூட்டில் மேல் பேரிங்கின் ரப்பரும் கிரீஸும் அன்றைக்கே கருகிவிடும்.

புல் மேடும் பள்ளமுமாக வெட்டுப்படுகிறது, டெக் அதிர்கிறது

டயர் காற்றையும் டெக்கின் மட்டத்தையும் முதலில் பாருங்கள், பாதி முறைப்பாடு அங்கேயே தீரும். தீராவிட்டால், டெக்கின் ஒரு பக்கத்தில் ஓர் இடத்தைத் தெரிவுசெய்து, பிளேட் நுனியிலிருந்து சீமெந்துத் தரைவரை அளவெடுங்கள். பிளேடை அரைச்சுற்றுச் சுற்றி மற்ற நுனியை அதே இடத்துக்குக் கொண்டுவந்து மறுபடி அளவெடுங்கள். 3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஏதோ வளைந்திருக்கிறது. பிளேடா, ஷாஃப்டா?

பிளேட் போல்ட்டைத் தளர்த்தி, ஷாஃப்டை அசையாமல் வைத்துக்கொண்டு பிளேடை மட்டும் அரைச்சுற்றுத் திருப்பி இறுக்குங்கள். தாழ்ந்த நுனி பிளேடோடு சேர்ந்து இடம் மாறினால் பிளேட் வளைந்தது, பெரிய கவலையில்லை. தாழ்வு ஷாஃப்டின் அதே பக்கத்திலேயே நின்றால் ஷாஃப்ட் வளைந்துவிட்டது. நட்சத்திரத் துளைப் பிளேடில் ஐந்து முனை இருந்தால் சரியாக அரைச்சுற்று வராது, அதற்கு நேரானது என்று தெரிந்த வேறொரு பிளேடைப் போட்டுப் பாருங்கள்.

நம் ஊரில் ஷாஃப்ட் வளைவதற்குத் தென்னை மரமே பெரிய காரணம். புல்லுக்குள் மறைந்து கிடக்கும் தேங்காய், காய்ந்த மட்டை, மேலே கிளம்பிய வேர். குரும்பட்டியைச் சிதறடித்துவிட்டுப் போகும் பிளேட், முழுத் தேங்காயில் பட்டால் நின்றுவிடும், அந்த அடி முழுக்க ஷாஃப்டுக்கும் ஹவுசிங்குக்கும்தான். அப்படி ஓர் அடிக்குப் பிறகு மெஷின் ஓடுகிறதே என்று தொடர்ந்து வெட்டாமல், ஹவுசிங்கை டெக்கோடு பிடிக்கும் போல்ட் காதுகளில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள். அலுமினியக் காது விரிந்தால் ஹவுசிங்கை மாற்றுவது தவிர வேறு வழியில்லை, பற்றுவைத்து ஓட்டுவது ஆபத்து. வளைந்த ஷாஃப்டையும் தட்டி நிமிர்த்த வேண்டாம்.

கழற்றுவது

பிளேடுக்கும் டெக்குக்கும் நடுவில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்துப் பிளேடை அசையாமல் நிறுத்துங்கள். பெரும்பாலான மெஷின்களில் போல்ட் வழமையான மரைதான், சிலவற்றில் எதிர்மரை இருக்கும், அதனால் ஸ்பேனரில் நீளக் குழாய் மாட்டி மிதிக்க முன் மரையின் சாய்வைப் பார்த்துக்கொள்ளுங்கள். துருப்பிடித்திருந்தால் முதல்நாள் இரவே துருநீக்கி எண்ணெய் விட்டு வையுங்கள். புல்லி கழராவிட்டால் எதிரெதிராக இரண்டு பக்கத்திலும் ஒரே நேரத்தில் நெம்புங்கள், அல்லது புல்லர் போடுங்கள். விளிம்பில் சுத்தியலால் அடித்தால் தகடு வளைந்து, நன்றாக இருந்த புல்லியும் போய்விடும்.

ஷாஃப்டைக் கீழே தட்டி இறக்கும்போது மேல் நட்டை மரையின் நுனியோடு மட்டமாக மாட்டிவிட்டு, மரத்துண்டை வைத்துத் தட்டுங்கள், மரை நசியாது. உள்ளே இருக்கும் ஸ்பேசரை ஒரு பக்கம் ஒதுக்கினால் எதிர்ப்பக்கப் பேரிங்கின் விளிம்பு தெரியும், அதில் பஞ்ச் வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டி வெளியே எடுக்கலாம்.

பேரிங் வாங்கும்போது

பேரிங்கின் ஓரத்தில் இலக்கம் இருக்கும். இந்த மெஷின்களில் அதிகம் காண்பது 6203, 6204, 6205. 6203 என்றால் உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, தடிப்பு 12 மில்லிமீட்டர். 6204 என்றால் 20, 47, 14. 6205 என்றால் 25, 52, 15. பின்னால் 2ஆர்எஸ் என்று இருந்தால் இரு பக்கமும் ரப்பர் சீல், இசட்இசட் என்றால் தகட்டு மூடி. டெக்குக்கு ரப்பர் சீல்தான் வேண்டும், தகட்டு மூடிக்குள் தண்ணீரும் புல்சாறும் சுலபமாக இறங்கிவிடும்.

இலக்கத்தின் கடைசி வரை வாசியுங்கள், இதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அமெரிக்க மெஷின்களில் ஷாஃப்ட் அங்குல அளவாக இருக்கலாம். 6203-10 என்றால் வெளி அளவு அதே 6203, ஆனால் உள்விட்டம் 5/8 அங்குலம், அதாவது 15.875 மில்லிமீட்டர். 6204-12 என்றால் 3/4 அங்குலம், 19.05 மில்லிமீட்டர். கடையில் 6204 என்று மட்டும் கேட்டு வாங்கினால் ஹவுசிங்குக்குள் அழகாக உட்காரும், ஷாஃப்டில் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் கலகலவென்று ஆடும். அந்த இடைவெளியில் தகடு சுற்றிப் போடுவது வேலைக்கு ஆகாது. பழைய பேரிங்கையும் ஷாஃப்டையும் கையோடு பஞ்சிகாவத்தைக்குக் கொண்டுபோய், வேர்னியர் வைத்து அளந்து, ஷாஃப்டில் போட்டுப் பார்த்தே வாங்குங்கள். பெயர்பெற்ற கம்பனிகளின் பேரிங்குகளுக்குப் போலிகள் உலகம் முழுக்கவே உலவுகின்றன, விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

பூட்டுவது

ஹவுசிங்கை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துவிட்டுப் புதுப் பேரிங்கை வாயில் வைத்துப் பாருங்கள். கையால் தள்ள உள்ளே போய்விட்டால் துளை தேய்ந்துவிட்டது. தேய்வு மிகச் சிறிதென்றால் பேரிங் பிடிப்பதற்கென்றே வரும் பசை தாங்கும். அதிகமென்றால் லேத்தில் துளையைப் பெரிதாக்கி புஷ் (உலோக வளையம்) அடித்து, சரியான அளவுக்குக் கடைய வேண்டும். துளைச் சுவரில் பஞ்சால் குத்திக் குத்தி மேடாக்கிப் பேரிங்கை இறுக்கும் பழக்கம் இருக்கிறது, அந்த மேடுகள் சில நாளில் நசிந்துவிடும், பேரிங்கும் நேராக உட்காராது.

பேரிங்கை இரவு பிரீசரில் வைத்து, ஹவுசிங்கைக் கொதிநீரில் சூடாக்கி நன்றாகத் துடைத்துவிட்டு உடனே இறக்கினால் பாதிச் சிரமம் குறையும், அலுமினியம் சூட்டில் நன்றாக விரியும். ஹவுசிங்குக்குள் இறக்கும்போது வெளி வளையத்தில் மட்டும் அழுத்துங்கள். ஷாஃப்டில் ஏற்றும்போது உள் வளையத்தில். மாற்றி அழுத்தினால் குண்டுகள் ஓடும் தடத்தில் தழும்பு விழுந்து, புதுப் பேரிங்கே முதல் நாளிலிருந்து உறுமும்.

முதல் பேரிங், பிறகு ஸ்பேசர், பிறகு இரண்டாவது பேரிங். ஸ்பேசர் இரண்டு உள் வளையங்களையும் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். மேல் நட்டை எவ்வளவு இறுக்கினாலும் அந்த அழுத்தம் ஸ்பேசர் வழியாகத்தான் போகிறது. அதை மறந்தாலோ, நீளம் குறைந்த துண்டைப் போட்டாலோ நட்டின் முழு இறுக்கமும் குண்டுகளை நெரிக்கும். புதுப் பேரிங் மாற்றிச் சில வெட்டோடு போய்விட்டது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது ஸ்பேசரைப் பற்றித்தான்.

கிரீஸ் நிப்பிள் இருக்கும் ஹவுசிங்கில் இரு பக்கமும் சீல் வைத்த பேரிங்கைப் போட்டால், அடிக்கும் கிரீஸ் நடுக்குழியில் தேங்கி நிற்குமே தவிரக் குண்டுகளுக்குப் போகாது. அந்த வகையில் உள்பக்கம் பார்க்கும் சீலை மட்டும் மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் கழற்றிவிடலாம், வெளிச்சீல் இருக்கட்டும். பிறகு கிரீஸ் துப்பாக்கியை அளவோடு அடியுங்கள், அழுத்தம் கூடினால் வெளிச்சீல் பிதுங்கி வந்துவிடும்.

புல்லி கிடைக்காமல் லேத்தில் செய்விக்கும்போது

பழைய மொடல்களுக்கு வேறு வழியில்லாமல் இதைச் செய்வார்கள். செய்யலாம், ஆனால் பழைய புல்லியைக் கட்டாயம் கொடுத்து, "பாஸ், ஹப் உயரம் ஒரு மில்லிமீட்டர்கூட மாறக்கூடாது, பழசைப் பக்கத்தில வச்சு அளந்து கடையுங்க" என்று சொல்லிவிடுங்கள். ஹப் உயரம் மாறினால் பெல்ட் கோணலாக ஓடும், மேலே சொன்ன பெல்ட் கதை மறுபடி ஆரம்பமாகும்.

விட்டத்தைக் குறைக்கவே குறைக்காதீர்கள். ஸ்பிண்டில் புல்லி சிறிதானால் பிளேட் வேகம் கூடும். அமெரிக்கத் தர நிறுவனமான ஆன்சியின், புல்வெட்டிகளுக்கான பி71.1 தரம் பிளேட் நுனி வேகத்துக்கு நிமிடத்துக்கு 19,000 அடி என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது, அதாவது செக்கனுக்கு 96 மீட்டர் சொச்சம். 53 செ.மீ. பிளேட் நிமிடத்துக்கு 3,400 சுற்றுச் சுற்றினாலே நுனி செக்கனுக்கு 95 மீட்டரை நெருங்கிவிடுகிறது, மணிக்கு 340 கிலோமீட்டர். புல்லியைப் பத்து வீதம் சிறிதாக்கினால் வேகம் பதினொரு வீதம் கூடி வரம்பைத் தாண்டிவிடும். பள்ளிக்கூட மைதானத்தில், பிள்ளைகள் ஓரத்தில் நிற்கும் இடத்தில், அந்த வேகத்தில் ஒரு கல் தெறித்தால் என்ன ஆகும்? நன்றாக வெட்டும் என்று யாரும் ஆசை காட்டினாலும் சம்மதிக்காதீர்கள்.

மழைக்காலமும் கடற்காற்றும்

மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் செப்டம்பர் வரை, பிறகு ஒக்டோபர், நவம்பர் மழை. கொழும்பில் புல் காயும் நாட்கள் குறைவு, அதனால் ஈரப்புல்லைத்தான் வெட்ட வேண்டியிருக்கிறது. ஈரப்புல் டெக்கின் அடியில் அப்பிக்கொண்டு கீழ்ப் பேரிங்கின் வாயில் நாள்கணக்கில் ஊறிக்கொண்டிருக்கும். தெகிவளை, கல்கிசைப் பக்கம் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். வெட்டி முடித்ததும் சுரண்டித் துடைத்துவிடுங்கள், கீழ்ப் பேரிங்குக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. ஹை பிரஷர் தண்ணீரை ஸ்பிண்டில் மேலும் கீழும் நேராகப் பீய்ச்ச வேண்டாம், சீலைத் தாண்டி உள்ளே போன தண்ணீர் வெளியே வராது.

பூட்டி முடித்த பிறகு

நட்டையும் பிளேட் போல்ட்டையும் டார்க் ஸ்பேனரால் (இறுக்கத்தின் அளவைக் காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள். கம்பனிக்குக் கம்பனி அளவு மிகவும் மாறும், பிளேட் போல்ட் சிலவற்றில் 60 முதல் 75 நியூட்டன் மீட்டர், சிலவற்றில் 95 முதல் 120, ஆகவே உங்கள் மெஷினின் கைநூலைப் பார்த்தே செய்யுங்கள். ஹவுசிங்கைப் பிடிக்கும் போல்ட்டுகள் அலுமினியத்தில் தாமே மரை வெட்டிக்கொள்ளும் வகையென்றால், முதல் சில சுற்றை விரலால் சுற்றி ஏற்கெனவே இருக்கும் மரையில் பிடித்தபிறகே ஸ்பேனரைப் போடுங்கள், போல்ட் இறுக்கும் இம்பாக்ட் மெஷினால் நேரடியாக அடித்தால் மரை அழிந்துவிடும்.

அரை மணித்தியாலம் வெட்டிவிட்டு நிறுத்தி, சாவியை எடுத்து, பிளக் வயரைக் கழற்றி, பிளேட் முழுதாக நின்றபிறகு ஒவ்வொரு ஹவுசிங்கையும் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி. ஒன்று மட்டும் கையை வைக்க முடியாத அளவுக்குக் கொதித்தால் அதன் ஸ்பேசரையும் பேரிங் உட்கார்ந்த விதத்தையும் திரும்பப் பார்க்க வேண்டும். அந்த நேரத்திலேயே எல்லாப் போல்ட்டுகளையும் இன்னொரு தடவை இறுக்கிப் பாருங்கள். எல்லாம் சரியென்றாலும், ஒரு ஓரம் பிய்ந்த பழைய பெல்ட்டை மட்டும் திரும்பப் போட்டு ஓட்டாதீர்கள், அது தேய்ந்த கோணத்திலேயே ஓடப் பார்க்கும், புதுப் புல்லியிலும் கழன்று விழும்.